வெள்ளைக்காரன் வியாதி

1

இந்தக் குளிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை காலை, எங்கள் ஊர் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நர்ஸ் தொலைபேசியில் கூப்பிட்டார். எங்கள் மகள் பிரபா படுத்திருந்த வார்டு நர்ஸ்தான். பெரிய உடம்பு, சின்னக் குரல். "உங்களால் முடியாது என்றால் தயங்காமல் சொல்லிவிடுங்கள்" என்று ஆரம்பித்தார். இங்கிலாந்தில் ஒருவர் இப்படி ஆரம்பித்தால் தலைபோகிற காரியம் என்று அர்த்தம்.

வார்டில் நீதா என்று ஒரு குஜராத்திப் பெண் இருக்கிறாளாம். வயது பதினேழு. பிரபாவுக்கு வந்த அதே வியாதி. பெருங்குடலில் புண், ரத்தமாகப் போகிறது. குடலை எடுத்துவிட்டு, மலம் இறங்க வயிற்றில் ஒரு பை வைக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பெண் மாட்டேன் என்கிறாள். அப்பாவும் அம்மாவும் அவளுக்கு மேலே மாட்டேன் என்கிறார்கள். "உங்கள் நாட்டுக்காரர் யாராவது பேசினால் கேட்பார்களோ என்னவோ" என்றார் நர்ஸ்.

அந்தப் பெண்ணின் அப்பா உகாண்டாவில் பிறந்தவர். நான் திண்டிவனத்துக்குப் பக்கத்தில் பிறந்தவன். எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவான நாடு எது என்று யோசித்தேன். இந்த ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியைத் தவிர வேறொன்றும் தோன்றவில்லை. வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

"யாருங்க போன்ல?" என்று அடுப்படியிலிருந்து என் மனைவி ராஜமதி கேட்டாள். சொன்னேன். கரண்டிச் சத்தம் நின்றது.

"போய்ட்டு வாங்க. அங்க போய் இன்னா சொல்லப் போறீங்க?"

அதுதான் எனக்கும் தெரியவில்லை. பிரபா எங்களுக்கு ஒரே பெண். அவள் செத்துப்போய் இரண்டு வருடம் ஆகிறது.

2

நான் இந்த நாட்டுக்கு வந்தது அறுபத்தாறில். முதலில் செருப்புத் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. தோல் வாடை வாசலிலேயே அடித்தது, அப்படியே திரும்பி வந்துவிட்டேன். என்னுடன் அறையில் இருந்த பஞ்சாபிக்காரர், "பிச்சைக்காரனுக்குச் சோற்றில் சலிப்பா" என்று சிரித்தார். அப்புறம் காலுறை நெய்யும் ஆலையில் சேர்ந்தேன். இன்றுவரை அதே ஆலை, அதே இரைச்சல்.

எங்கள் சனம் நயினார் சனம். சமணர் என்றதும் பாதிப் பேர் வட்டிக்கடை சேட்டு என்று நினைத்துக்கொள்கிறார்கள். செஞ்சி, திண்டிவனம் பக்கத்தில் நெல்லும், மல்லாட்டை என்கிற நிலக்கடலையும் போட்டுக்கொண்டு எத்தனையோ தலைமுறையாக இருக்கிற தமிழ்க் குடும்பங்கள் நாங்கள். கறி மீன் கிடையாது. மண்ணுக்கடியில் விளைகிற கிழங்கு கிடையாது. பொழுது சாய்ந்தபின் சாப்பாடு கிடையாது. இருட்டில் பூச்சி புழு விழுந்து செத்தால் அந்தப் பாவம் தின்றவனைச் சேரும் என்று சொல்லி வளர்த்தார்கள்.

இங்கே மார்கழியில் சூரியன் நாலு மணிக்கெல்லாம் போய்விடும். ஆலை விடுவது ஐந்தரைக்கு. முதல் குளிர்காலத்திலேயே கட்டுப்பாட்டைக் கைவிட்டேன். ராஜமதி வந்தபின் அவளும் ஒவ்வொன்றாக விட்டாள். பிரபா இங்கேயே பிறந்தவள். பள்ளிக்கூடத்தில் மத்தியானம் மசித்த உருளைக்கிழங்கும் பட்டாணியும் தின்று வளர்ந்தாள். வீட்டில் கேப்பைக் களி கிண்டினால் மூக்கைப் பொத்திக்கொண்டு மாடிக்கு ஓடுவாள். நான் தமிழில் கேட்பேன், அவள் இங்கிலீஷில் பதில் சொல்வாள். பிள்ளை கை நழுவிப் போகிறது என்று ஊரில் இருந்தவர்களுக்குப் புலம்பி எழுதியிருக்கிறேன். அந்தக் கவலைக்கு இப்போது ஏங்குகிறேன்.

3

எண்பத்து மூன்றாம் வருடம், பத்தாவது படிக்கிற வயதில் அவளுக்கு வயிற்றுப்போக்கு பிடித்தது. ரத்தமும் சளியுமாகப் போனது. வெட்கப்பட்டுக்கொண்டு அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. உடுப்பு தொளதொளவென்று ஆன பிறகுதான் தெரிந்தது. ராஜமதி அவளுக்குத் தெரிந்த வைத்தியமெல்லாம் செய்தாள். சூடு என்று வெந்தயம் ஊறவைத்துக் கொடுத்தாள், மூலம் என்று மோரும் மாதுளம்பழத் தோலும் கொடுத்தாள்.

எங்கள் தெரு டாக்டர் வயிற்றைத் தொட்டுப் பார்க்குமுன் ஒரு கேள்வி கேட்டார். "எப்போது இந்தியாவிலிருந்து வந்தாள்?"

"அவள் இந்தியாவைப் பார்த்ததே இல்லை" என்றேன்.

"உங்கள் வீட்டுக்கு யாராவது வந்தார்களா?"

"தபால்தான் வருகிறது" என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அவர் சிரிக்கவில்லை. சீதபேதிக்கு மாத்திரை எழுதினார். அடுத்த வாரம் சுகாதார இலாகாவிலிருந்து ஒருவர் வந்து கக்கூசைப் பார்த்தார், அடுப்படியைப் பார்த்தார், பெருங்காய டப்பாவைத் திறந்து மோந்து பார்த்து மூடினார். பக்கத்து வீட்டு அம்மாள் திரைச்சீலையை விலக்கிக்கொண்டு எல்லாவற்றையும் கவனித்தாள்.

சீதபேதி இல்லை என்றதும் குடல் காசநோய் என்றார்கள். தனி அறையில் போட்டார்கள். அதற்கும் மருந்து ஓடியது. இவர்களுக்கு இந்தத் தோலைப் பார்த்தால் இரண்டு வியாதிதான் ஞாபகம் வருகிறது. அந்த வருடமே போன பிறகு ஒரு பெரிய டாக்டர் குழாய் விட்டுப் பார்த்து, பெருங்குடல் முழுக்கப் புண் என்றார். கிருமியால் வருவது இல்லையாம். உடம்பு தன் குடலையே பகையாக நினைத்துத் தாக்குகிறதாம். "உங்கள் மக்களிடம் இதை நாங்கள் எதிர்பார்ப்பதில்லை" என்றார், ஏதோ நாங்கள் அழைப்பில்லாமல் கல்யாணத்துக்கு வந்துவிட்ட மாதிரி.

ஆனால் அவர் மாத்திரை கேட்டது. ஸ்டீராய்டு. முகம் ஊதிப்போனது, ரத்தம் நின்றது. பிரபா திரும்பவும் சிரிக்க ஆரம்பித்தாள்.

4

எண்பத்தைந்து கோடைவிடுமுறையில் முதல்முறையாக அவளை ஊருக்குக் கூட்டிப்போனோம். திண்டிவனத்தில் ராஜமதியின் அண்ணன் தரணேந்திரன் மல்லாட்டை மண்டி வைத்திருக்கிறார். ரயிலடிக்கு வந்து நின்றார். பிரபாவின் ஊதிய கன்னத்தைப் பார்த்து, "நல்லா சதை போட்டுகினு வந்துட்டாளே" என்று சந்தோஷப்பட்டார். ராஜமதி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

மச்சான் சும்மா இருக்கவில்லை. "நம்ம ஊரு டாக்டரு ஒரு தபா பாக்கட்டும் மாப்ள. கைராசிக்காரரு." அந்த டாக்டர் விழுப்புரத்துக்கு அனுப்பி மலப் பரிசோதனை செய்துவரச் சொன்னார். சீட்டைப் பார்த்தார், லண்டன் மருந்துப் புட்டியைப் பார்த்தார்.

"கொலைட்டிஸா? அது வெள்ளக்காரன் வியாதிங்க. கறியும் ரொட்டியும் துன்றவனுக்கு வர்றது. சைவம் சாப்புடற நயினார் வூட்டுப் பொண்ணுக்கு எப்பிடி வரும்? அமீபாவா இருக்கும்."

இங்கே உங்கள் ஊர் வியாதி என்றார்கள், அங்கே அவன் ஊர் வியாதி என்றார்கள். ரத்தப்போக்கு மட்டும் என் பெண்ணுக்கு.

பிரபாவுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டாகவே இல்லை. அவளுக்கு ஊர் பிடித்துப்போனது. என் கிராமத்துக் கோயிலில் அந்தக் கோடையில் ஒரு பெண் துறவி வந்து தங்கியிருந்தார். வெள்ளைச் சேலை, கையில் மயிற்பீலி. பிரபா காலையிலேயே போய் அவர் முன்னால் உட்கார்ந்துவிடுவாள். பாதி தமிழ் புரியாது, இருந்தாலும் உட்கார்ந்திருப்பாள். எல்லாரையும் "நீ" என்று கூப்பிட்டாள், யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. பள்ளிக்கூடத்தில் அவளை, பாகிஸ்தான்காரி என்று இளக்காரமாக, "பாக்கி" என்று கூப்பிட்டுத் தள்ளிவிட்டவர்கள் உண்டு. இங்கே தெருவே அவளை மடியில் வைத்துக்கொண்டது.

புறப்படுமுன் அந்தத் துறவி முன்னால் கைகூப்பி, இனி பொழுது சாய்ந்தபின் உண்ணமாட்டேன் என்று விரதம் ஏற்றுக்கொண்டாள். அட்டமி, சதுர்த்தசி இரண்டு நாளும் உபவாசம். உறவெல்லாம் பூரித்துப்போனது. "சீமையில பொறந்த பொண்ணு, நம்ம வூட்டுப் பொண்ணுங்கள வெட்கப்பட வெச்சுட்டா" என்றார் மச்சான். எனக்கும் நெஞ்சு நிறைந்தது. எல்லார் பிள்ளையும் விலகிப்போகிற நாட்டில் என் பிள்ளை மட்டும் திரும்பி வந்துவிட்டது என்று நினைத்தேன்.

5

திண்டிவனத்தில் அந்த விரதம் எளிது. ஆறரைக்கு முன்னால் சாப்பிட்டுவிட்டால் சரி. இங்கே கார்த்திகை வந்ததும் அவள் பள்ளிக்கூடம் விட்டு ஓடிவந்து, மேற்கே பார்த்துக்கொண்டே நாலு வாய் அள்ளிப் போடுவாள். ராத்திரிச் சாப்பாட்டோடு போட வேண்டிய மாத்திரை அப்படியே நின்றது. தண்ணீர்கூட இல்லை என்றால் மாத்திரை எப்படி இறங்கும்? உபவாச நாளில் எந்த மாத்திரையும் இல்லை.

இதில் கொடுமை என்னவென்றால், பட்டினி கிடந்த நாளில் அவளுக்குப் போக்கு குறைந்தது. வயிற்றில் ஒன்றும் இல்லாதபோது போவதற்கு என்ன இருக்கிறது? ராஜமதிக்கு அது விரதத்தின் பலனாகத் தெரிந்தது. ஊரிலிருந்து வந்த தபாலெல்லாம் அதையே சொன்னது. டாக்டர் மருந்து சரியாக வேலை செய்யவில்லையே என்று தலையைச் சொறிந்தார். ராத்திரி சாப்பிடுகிறாளா என்று கேட்க அவருக்குத் தோன்றவில்லை. சாப்பிடுவதில்லை என்று சொல்ல எங்களுக்கும் தோன்றவில்லை. விரதத்தை யாராவது வியாதிக் கணக்கில் சொல்வார்களா?

ஆஸ்பத்திரி நடைக்கூடத்தில் காத்திருக்கும்போது நான் ஒன்றைக் கவனித்தேன். ஆரம்பத்தில் அந்த நாற்காலிகளில் வெள்ளைக்காரர்கள்தான் உட்கார்ந்திருப்பார்கள், நாங்கள் மட்டும் கறுப்பு. போகப் போக நம் முகங்கள் கூடின. குஜராத்தி, பஞ்சாபி, வங்காளி. எல்லாம் சின்ன வயசு. பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற அப்பன் ஆத்தாள் கல்லுக்குண்டாக இருந்தார்கள். டாக்டரிடம் கேட்டேன்.

"நானும் பார்க்கிறேன். பெரியவர்களாக இங்கே வந்தவர்களுக்கு அவ்வளவாக இல்லை. இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு எங்கள் பிள்ளைகளைப் போலவே வருகிறது" என்றார்.

"ஏன்?"

"தெரியவில்லை. சாப்பாடாக இருக்கலாம், காற்றாக இருக்கலாம், அதிகச் சுத்தமாகவும் இருக்கலாம்."

தெரியாது என்று ஒப்புக்கொண்டதற்காக அவரை முதல்முறையாக மதித்தேன். எங்களை இந்த நாட்டுக்காரர் என்று ஒத்துக்கொள்ள இன்னும் யாருக்கும் மனசு வரவில்லை. அதற்குள் பிள்ளையின் குடல் இந்த நாட்டுக் குடலாக மாறிவிட்டது.

6

எண்பத்தேழு பிப்ரவரியில் ஒரேயடியாகப் படுத்தாள். வயிறு பானையாக உப்பியது, காய்ச்சல் இறங்கவில்லை. குடல் வீங்கி மெலிந்துவிட்டது, எந்த நேரமும் கிழியலாம், உடனே எடுத்துவிட வேண்டும் என்றார் டாக்டர். அப்போதுதான் விரதம், மாத்திரை எல்லாம் வெளியே வந்தது. அவர் எங்களைத் திட்டவில்லை.

பிரபாவுக்குப் பதினெட்டு முடிந்துவிட்டதால் அவள் சம்மதம்தான் வேண்டும். அவள் என்னைக் கிட்டே கூப்பிட்டு, தமிழில் கேட்டாள்.

"அப்பா, பை வெச்சுகினு கோயிலுக்குள்ள போலாமா?"

ராஜமதியைப் பார்த்தேன். மாதத்தில் மூன்று நாள் கோயில் வாசலை மிதிக்காமல் வளர்ந்தவள் அவள். மலம் எப்போதும் உடம்போடு ஒட்டியிருக்கிற பெண்ணை உள்ளே விடுவார்களா என்று அவளுக்கும் தெரியவில்லை. இந்த ஊரில் எங்கள் சனத்தில் கேட்க ஆள் கிடையாது.

"மாமாவ கேளுப்பா. மாமா சொல்லட்டும், சரின்றேன்" என்றாள் பிரபா.

நடைக்கூடத்திலிருந்து மண்டிக்கு டிரங்க் கால் போட்டேன். பின்னால் மூட்டை தூக்குகிற சத்தம். மச்சான் கேட்டுவிட்டு, "இரு மாப்ள. நானா ஒண்ண சொல்லி பாவத்த சேத்துக்கக் கூடாது. உபாத்தியாயர கேட்டுட்டு சொல்றேன்" என்றார். கோயில் பூசை செய்கிற உபாத்தியாயர் உறவுக் கல்யாணத்துக்கு விழுப்புரம் போயிருந்தார். மச்சான் பஸ் பிடித்துப் போனார். டாக்டர் வந்து வந்து கேட்டார். பிரபா அதே பதிலைச் சொன்னாள். நானும் கெஞ்சினேன், அதட்டினேன். ராஜமதி அவள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பெற்றவள் தன் காலைப் பிடித்தால் பாவம் என்று பிரபா காலை இழுத்துக்கொண்டாள்.

மறுநாள் விடியும்போது குடல் கிழிந்துவிட்டது. அதன்பிறகு யாரையும் கேட்கவில்லை, அறுத்தார்கள். அன்று சாயங்காலம் போய்விட்டாள்.

நாங்கள் வீட்டுக்கு வந்து கதவைத் திறக்கும்போது தொலைபேசி அடித்துக்கொண்டிருந்தது. மச்சான்தான். குரலில் அவ்வளவு மகிழ்ச்சி.

"மாப்ள, நேத்துலேர்ந்து அடிக்கறேன், யாரும் எடுக்கல. தாராளமா வரலாம்னுட்டாருப்பா. கருவறைக்கா போறா, குளிச்சிட்டு வந்து கும்புட்டா இன்னா தடைன்னாரு. உயிரக் காப்பாத்தறதுதானே நம்ம தருமமே, இத கேக்க பஸ் ஏறி வந்தியான்னு என்னைத் திட்டறாரு. ஜல்தியா ஆபரேசன பண்ணச் சொல்லு."

அவர் முழுக்கச் சொல்லி முடிக்கட்டும் என்று காத்திருந்தேன். அதற்கப்புறம் சொன்னேன்.

7

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் நீதாவைப் பார்க்கப் போகும்போது நிஜத்தைச் சொல்லத்தான் போனேன். காத்திருந்தாள், செத்தாள், நீங்கள் காத்திருக்காதீர்கள். இதைவிடப் பெரிய புத்தி என்ன இருக்கிறது என்று பஸ்ஸில் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

நீதா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். அவள் அப்பா எழுந்து கைகூப்பினார். ஷர்ட்டுக் கைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். எங்கள் இருவருக்கும் தெரிந்த ஒரே பாஷை இங்கிலீஷ், அதிலும் இரண்டு பேருக்கும் பாதிதான். என் மகள் பிரபாவுக்கும் இதே வியாதி என்று மட்டும் நர்ஸ் சொல்லியிருந்தார் போல. நான் வாயைத் திறக்குமுன் அந்த அப்பா கேட்டுவிட்டார்.

"உங்கள் மகள் இப்போது எப்படி இருக்கிறாள்?"

கட்டிலில் அந்தப் பெண் திரும்பினாள். கன்னம் ஊதிப்போன முகம். கண் மட்டும் பெரிதாக என்னைப் பார்த்தது. பக்கத்தில் நர்ஸ் நின்றுகொண்டிருந்தார்.

"நன்றாக இருக்கிறாள்" என்றேன். "கல்லூரியில் படிக்கிறாள்."

"பையோடா?" என்று பெண் கேட்டாள்.

"பையோடுதான்."

"வெளியே தெரியாதா?"

"எனக்கே மறந்துபோகும்."

"கோயிலுக்குப் போகிறாளா?"

"எங்கள் ஊர்க் கோயில் பூசாரியைக் கேட்டோம். தாராளமாக வரலாம் என்றார். போய் வந்தாள்."

நர்ஸ் குனிந்து, சரியாகவே இருந்த போர்வையைச் சரிசெய்தார். நிமிரவே இல்லை. பெண் அப்பாவைப் பார்த்தாள். அவர் அவள் தலையில் கை வைத்தார்.

திங்கட்கிழமை ஆபரேஷன் நடந்தது, பிழைத்துக்கொண்டாள் என்று நர்ஸ் தொலைபேசியில் சொன்னார். வேறு எதுவும் கேட்கவில்லை.

ராஜமதியிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் முகம் கல்லாகிவிட்டது.

"செத்த பொண்ண வெச்சு பொய் சொல்லிட்டு வந்துகீறீங்க. நம்ம பொண்ணுக்கு கெடைக்காத ஆபரேசன், நம்ம பொண்ணுக்கு கெடைக்காத படிப்பு, எல்லாத்தையும் நடந்த மாதிரி சொல்லிட்டு வர உங்களுக்கு எப்பிடிங்க மனசு வந்துது?"

ஒரு வாரம் எனக்குச் சோறு போட்டாளே தவிர முகம் கொடுத்துப் பேசவில்லை. நான் செய்தது சரி என்று இன்றும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் திரும்ப அந்தக் கண்ணைப் பார்த்தால் அதையேதான் சொல்வேன்.

8

போன வாரம் நீதாவின் அப்பா தொலைபேசியில் வந்தார். பெண் வீட்டுக்கு வந்துவிட்டாள், நடமாடுகிறாள், ஞாயிற்றுக்கிழமை வந்து பிரபாவைப் பார்க்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள் என்றார். நான் ரிசீவரைக் கையில் பொத்திக்கொண்டு ராஜமதியைப் பார்த்தேன். அவளுக்கு விஷயம் என்னவென்று நான் சொல்லாமலே தெரிந்துவிட்டது.

"வரச் சொல்லுங்க" என்றாள்.

ஞாயிறு மத்தியானம் அவள் பலகாரம் செய்து முடித்துவிட்டுக் கூடத்துக்கு வந்தாள். சுவரில் பிரபாவின் படம், சந்தன மாலை, கண்ணாடியின்மேல் நெற்றிக்கு நேராகக் குங்குமம். எந்த இந்திய வீட்டிலும் அதைப் பார்த்தால் சின்னக் குழந்தைக்கும் புரிந்துவிடும்.

"படத்தைக் கழட்டி உள்ள வெச்சிடட்டுமா?" என்று கேட்டேன்.

"அவ வூட்ட வுட்டு அவ எதுக்குப் போவணும்? படம் இருக்கட்டும்."

நாற்காலியைப் போட்டு ஏறினாள். மாலையைக் கழற்றினாள். முந்தானையில் எச்சில் தொட்டுக் கண்ணாடிமேல் இருந்த குங்குமத்தைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே கொஞ்ச நேரம் துடைத்துக்கொண்டிருந்தாள்.

மூன்று மணிக்கு வந்தார்கள். நீதா தொளதொளவென்ற ஸ்வெட்டர் போட்டிருந்தாள். இரண்டு தட்டு சாப்பிட்டாள், அவள் அப்பா அதை வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் அவள் எழுந்துபோய்ப் படத்தின் முன் நின்றாள்.

"அழகாக இருக்கிறாள். எப்போது வருவாள்?"

ராஜமதிக்கு இருபது வருடத்தில் கடைக்குப் போய்வரும் அளவுக்குத்தான் இங்கிலீஷ் வந்திருக்கிறது. அதை வைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாக எடுத்துச் சொன்னாள்.

"பரீட்சை. நிறையப் படிக்கிறாள். இந்த வாரம் வரமாட்டாள். நீ நன்றாகச் சாப்பிடு என்று சொன்னாள்."

நீதா தலையாட்டினாள். அவர்கள் கார் தெருமுனை திரும்பும்வரை நாங்கள் வாசலில் நின்று கையாட்டினோம்.

உள்ளே வந்ததும் நான் மாலையை எடுத்துக்கொண்டு நாற்காலியை இழுத்தேன். ராஜமதி என் கையைப் பிடித்தாள்.

"ரெண்டு நாளைக்கு இப்பிடியே இருக்கட்டுங்க" என்றாள்.

இன்று வெள்ளிக்கிழமை. சந்தன மாலை இன்னும் மேசை டிராயரில்தான் இருக்கிறது.